பக்கத்தில் ஒரு விலை, வங்கியில் ஒரு விலை

கேள்வி: தோல் அட்டை போட்ட குறிப்பேடுகளைக் கையால் செய்து இணையத்தில் விற்கிறேன். ஆர்டர்களில் பாதிக்குமேல் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விலை எல்லாம் என் நாட்டு நாணயத்தில்தான் இருந்தது. "எங்கள் பணத்தில் எவ்வளவு?" என்று மெயில்கள் வந்துகொண்டே இருந்ததால், பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டுக் கரன்சியில் விலையை மாற்றிக் காட்டும் பிளக்-இன் ஒன்றை டெவலப்பர் போட்டுக்கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கரன்சிகள் அதில் இருக்கின்றன. போட்ட சில நாளிலேயே ஒருவர், "பக்கத்தில் ஒரு தொகை, என் வங்கி ஸ்டேட்மென்ட்டில் வேறு தொகை. ஏமாற்றுகிறீர்களா?" என்று எழுதிவிட்டார். பிளக்-இன்னை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா? வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விலையை எப்படித்தான் காட்டுவது?

பதில்:

இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உள்ளூர்க் கரன்சியில் விலை காட்டுவது நல்ல யோசனைதான், ஆனால் உங்களுக்குப் போட்டுக்கொடுத்திருப்பது அதில் பாதி வேலை. மீதிப் பாதியையும் முடித்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

உங்களுக்கு எழுதியவர் மேல் கோபம் வேண்டாம், அவர் சொன்னது நியாயம்தான். கணக்குக்காக ஒரு குறிப்பேடு உங்கள் நாணயத்தில் 100 என்று வைத்துக்கொள்வோம். பிளக்-இன் அவருக்கு 42.30 டாலர் என்று காட்டியிருக்கிறது. கூடையில் போட்டபோதும் 42.30தான். கடைசிப் பக்கத்தில், பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலே, "தொகை எங்கள் நாணயத்தில் வசூலிக்கப்படும்: 100" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கும். கார்டு எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பவர் அதை எங்கே படிக்கப்போகிறார்? இரண்டு நாள் கழித்து ஸ்டேட்மென்ட்டில் 43.80 என்று வந்து நிற்கிறது.

அந்த ஒன்றரை டாலரில் ஒரு காசுகூட உங்களுக்கு வரவில்லை. பிளக்-இன் எடுத்துக்கொண்டது சந்தையின் நடு விகிதம், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் எண். சாதாரண ஆள் யாருக்கும் அந்த விகிதத்தில் பணம் மாற்றித் தர மாட்டார்கள். ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாள்களில் மாலை நான்கு மணி வாக்கில் வெளியிடும் விகிதங்களைப் பல பிளக்-இன்கள் எடுத்துப் பயன்படுத்துகின்றன. அவை தகவலுக்காக மட்டும்தான் என்று அந்த வங்கியே சொல்கிறது. உங்கள் வாடிக்கையாளரின் கணக்கில் வேலை செய்தது விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க் வைத்திருக்கும் வேறு விகிதம். அதிலும் அவர் பொத்தானை அழுத்திய நாளின் விகிதமாக இல்லாமல், பரிவர்த்தனை முடித்து எழுதப்பட்ட நாளின் விகிதமாக இருக்கலாம். அதன்மேல் அவருடைய வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கும். பல வங்கிகளில் இது ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் வரை. இப்படித்தான் 42.30 வளர்ந்து 43.80 ஆனது.

இதையெல்லாம் நீங்கள் அவருக்கு விளக்கி எழுதலாம். எழுதினாலும், உங்கள் பக்கத்தில் இருந்த எண்ணும் அவர் கணக்கில் கழிந்த எண்ணும் வேறு வேறு என்பது மாறாது. வித்தியாசத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "விலை காட்டும் முறையைச் சரிசெய்கிறோம்" என்று இரண்டு வரி எழுதுங்கள், போதும். அவர் வங்கியில் போய்ப் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்டால், அந்தத் தகராறைக் கையாள்வதற்கென்று பேமென்ட் நிறுவனம் உங்களிடம் பிடிக்கும் கட்டணம் இந்த ஒன்றரை டாலரைவிடப் பல மடங்கு இருக்கும்.

நான் இந்த வேலையில் எல்லாரிடமும் வலியுறுத்துவது இதைத்தான்: எந்தக் கரன்சியில் வசூலிக்க முடியுமோ அந்தக் கரன்சியில் மட்டும் விலை போடுங்கள். நூறு கரன்சியில் காட்டிவிட்டு ஒன்றில் வசூலிப்பதைவிட, மூன்றில் காட்டி அதே மூன்றில் வசூலிப்பது எவ்வளவோ மேல்.

வசூலிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஸ்ட்ரைப், பேபால், அட்யென் போன்ற பேமென்ட் நிறுவனங்கள் பல கரன்சிகளில் தொகை வாங்கி, உங்கள் கணக்குக்கு உங்கள் நாணயத்தில் மாற்றி அனுப்பும். எந்தெந்தக் கரன்சி கிடைக்கும் என்பது உங்கள் கடை எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் உங்கள் பேமென்ட் நிறுவனத்திடம் முதலில் சில விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கரன்சிகளில் வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியும்? மாற்றித் தர எவ்வளவு சதவீதம் எடுப்பார்கள்? மாற்றாமலேயே டாலரை டாலராக, யூரோவை யூரோவாக வைத்திருக்க முடியுமா? கடைசிக் கேள்வி ஏன் முக்கியம் என்று ரீஃபண்ட் பற்றிச் சொல்லும்போது புரியும்.

மாற்றுக் கட்டணம் இனி உங்கள் தலையில் விழும், அது உண்மைதான். முன்பு வாடிக்கையாளரின் வங்கி அவரிடம் வாங்கியதை இப்போது பேமென்ட் நிறுவனம் உங்களிடம் வாங்கும். அதை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். வாடிக்கையாளருக்கு 44 டாலர் என்று முதலிலேயே தெரிந்து 44 கழிந்தால் அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. (சில வங்கிகள், கரன்சி ஒன்றாகவே இருந்தாலும் கடை வெளிநாட்டில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு கட்டணம் போடும். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. "எங்கள் கடை இன்ன நாட்டில் பதிவானது" என்று செக் அவுட் பக்கத்தில் ஒரு வரி போட்டுவையுங்கள்.)

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு ஆசை காட்டப்படலாம். பணம் செலுத்தும் கட்டத்தில் "உங்கள் நாட்டுக் கரன்சியிலேயே செலுத்துகிறீர்களா?" என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, அந்த இடத்திலேயே மாற்றிக் கொடுக்கும் சேவையைச் சில நிறுவனங்கள் தருகின்றன. கடைக்காரருக்கு அதில் பங்கும் உண்டு. வெளிநாடு போனவர்கள் ஏடிஎம்மில் இந்தக் கேள்வியைப் பார்த்திருப்பார்கள். அதில் வரும் விகிதம் பெரும்பாலும் வாடிக்கையாளரின் சொந்த வங்கி தருவதைவிட மோசமாகவே இருக்கும். ஏடிஎம்மிலும் விற்பனை இடங்களிலும் இப்படி மாற்றித் தருபவர்கள், ஐரோப்பிய மத்திய வங்கி விகிதத்துக்குமேல் எத்தனை சதவீதம் வைக்கிறார்கள் என்று காட்டியே ஆகவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டம் போடும் அளவுக்குப் போயிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, எத்தனை கரன்சி? போன வருட ஆர்டர்களை நாடுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். உங்களைப் போன்ற சிறிய கடைகளில் இரண்டு மூன்று இடங்களே வெளிநாட்டு விற்பனையின் பெரும்பகுதியைக் கொண்டுவந்திருக்கும். யூரோ ஒன்றைச் சேர்த்தாலே, 2026 ஜனவரி 1 அன்று பல்கேரியா சேர்ந்தபிறகு, 21 நாடுகளுக்கு வேலை முடிந்தது. அமெரிக்க டாலரும் தேவைப்படும். மூன்றாவது எது என்பதை உங்கள் ஆர்டர் பட்டியல் சொல்லும். மற்ற நாட்டுக்காரர்களுக்கு உங்கள் நாணயத்திலேயோ டாலரிலேயோ விலையைப் போட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் "உங்கள் கரன்சியில் ஏறத்தாழ இவ்வளவு" என்று காட்டலாம். அந்தத் தோராயத் தொகையை முழு எண்ணாகவே காட்டுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வந்துவிட்டால் அது தோராயம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கூடைக்குள் போனதும் அந்த வரி மறைந்து, வசூலிக்கப்போகும் தொகை மட்டும் நிற்கவேண்டும்.

விலையை எப்படி வைப்பது என்பதில் என் கட்சி தெளிவானது. அந்த இரண்டு மூன்று கரன்சிகளுக்கும் விலையை நீங்களே கையால் போடுங்கள். தினமும் விகிதத்தைப் பார்த்துத் தானாக மாறும் ஏற்பாடு வேண்டாம். ராத்திரி கூடையில் போட்டவர் காலையில் வந்து பார்க்கும்போது விலை முப்பது காசு ஏறியிருந்தால், அவருக்கு அன்னியச் செலாவணிச் சந்தை நினைவுக்கு வராது, உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். 42.37 என்ற விலையைப் பார்த்தாலே இது இயந்திரம் போட்டது, இந்தக் கடை எனக்கானது இல்லை என்று தோன்றிவிடும். மாற்று விகிதப்படி வருவதோடு, மாற்றுக் கட்டணத்தையும் விகிதம் ஆடினால் தாங்க இரண்டு மூன்று சதவீதத்தையும் சேர்த்து, அருகில் இருக்கும் நல்ல எண்ணுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். 44 அல்லது 45.

போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகவிடாமல் 2011 செப்டம்பரிலிருந்து பிடித்துவைத்திருந்த சுவிஸ் தேசிய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று பிடியை விட்டது. அன்றைக்கே யூரோ ஏறக்குறைய ஒரு பிராங்குக்கு வந்துவிட்டது. முந்தின நாள்வரை 100 யூரோவுக்கும் 120 பிராங்குக்கும் ஒரே பொருளை விற்றுக்கொண்டிருந்த கடையை நினைத்துப் பாருங்கள். மறுநாள் அதே பொருளுக்கு சுவிஸ் வாடிக்கையாளர் இருபது பிராங்க் கூடுதலாகக் கொடுக்கிறார், யூரோ பக்கத்தைத் திறந்து பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும். இப்படித் தடாலடியாக மாறுவது அபூர்வம். ஆனாலும் நீங்கள் விலை வைத்த நாளின் விகிதத்தைக் குறித்துவைத்து, அதிலிருந்து ஐந்து சதவீதம் விலகினால் உங்களுக்கு மெயில் வரும்படி செய்துகொள்ளுங்கள். மற்றபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் கரன்சிகள் வேறு கதை. அவற்றில் கையால் விலை போட்டால் வாரா வாரம் உட்கார்ந்து மாற்றவேண்டியிருக்கும். கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளமே 2023 நவம்பரில் அர்ஜென்டினா பெசோவையும் துருக்கி லிராவையும் கைவிட்டு, அந்த நாட்டுக்காரர்களுக்கும் டாலரில் விலை வைத்தது. மாற்று விகிதம் நிலையில்லாமல் இருப்பதைத்தான் காரணமாகச் சொன்னது. அவ்வளவு பெரிய கடைக்கே கட்டுப்படியாகாத வேலையை நீங்கள் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம்.

இப்போது ரீஃபண்டுக்கு வருகிறேன். யாரும் முதலில் யோசிக்காத இடம் இது. ஒரு டாலர் உங்கள் நாணயத்தில் 2.50 இருக்கும்போது 40 டாலருக்கு விற்றீர்கள், 100 கிடைத்தது. ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் பொருளைத் திருப்பி அனுப்புகிறார். அதற்குள் டாலர் 2.60 ஆகிவிட்டது. அவருக்கு 40 டாலர் திருப்பித் தர உங்கள் கணக்கிலிருந்து 104 போகும். முதலில் மாற்றியபோது பிடித்த கட்டணமும் பெரும்பாலும் திரும்பி வராது. "எனக்கு வந்தது 100தான், அதற்குண்டான டாலரைத் தருகிறேன்" என்று கணக்குப் பேசி 38.46 அனுப்பினால், இன்னொரு கோபமான மெயில் நிச்சயம். அவர் கொடுத்தது 40, அவருக்குப் போகவேண்டியதும் 40. டாலர் இறங்கியிருந்தால் இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்கும், அதைப் பற்றி யாரும் மெயில் போட மாட்டார்கள்.

இதற்காகத்தான் டாலரை டாலராகவே வைத்திருக்க முடியுமா என்று கேட்கச் சொன்னேன். முடியும் என்றால், பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை ஒரு சிறு தொகையை அந்தக் கரன்சியிலேயே விட்டுவையுங்கள். ரீஃபண்ட் அதிலிருந்து போய்விடும், விகிதம் எங்கே ஆடினாலும் உங்களுக்குக் கவலையில்லை. அதோடு, ஒவ்வொரு ஆர்டரிலும் என்ன கரன்சி, எவ்வளவு தொகை, அன்றைய விகிதம் என்ன என்பது பதிவாகவேண்டும். வருட முடிவில் உங்கள் கணக்காளர் இதைத்தான் கேட்பார். ஆர்டரில் இல்லாவிட்டால் பழைய விகிதங்களை நாள் நாளாகத் தேடி எடுக்கவேண்டிவரும்.

டெவலப்பரிடம் பேசவேண்டியவை சில உண்டு. எல்லாக் கரன்சிக்கும் நூறு காசு ஒரு ரூபாய் என்பது போன்ற கணக்கு கிடையாது. கரன்சிக் குறியீடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 4217 தரப்படி ஜப்பானிய யென்னுக்கும் கொரிய வொன்னுக்கும் தசம இலக்கமே இல்லை. குவைத், பஹ்ரைன் தினார்களுக்கு மூன்று இலக்கம். பல பேமென்ட் நிறுவனங்கள் தொகையை அந்தக் கரன்சியின் மிகச் சிறிய அலகில் கேட்கும்: 44 டாலரை 4400 என்று அனுப்பவேண்டும், 6500 யென்னை 6500 என்றே அனுப்பவேண்டும். எதுவானாலும் நூறால் பெருக்கி அனுப்பும் நிரல் என்றால், ஜப்பான் வாடிக்கையாளரின் கார்டிலிருந்து ஒரு குறிப்பேட்டுக்கு ஆறரை லட்சம் யென் கழிக்கப் பார்க்கும். உங்களிடம் இப்போது யென் இல்லாவிட்டாலும், நாளைக்குச் சேர்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

டாலர் குறியை மட்டும் போட்டால் கனடாக்காரரும் ஆஸ்திரேலியாக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் அவரவர் டாலர் என்றே நினைப்பார்கள். "அமெரிக்க டாலர்" என்று தெரியும்படி குறியீட்டையும் சேர்த்துப் போடுங்கள். ஜெர்மனியில் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். இதையெல்லாம் நாடுவாரியாகச் சரியாக எழுதித்தரும் வசதி பிரௌசர்களிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், அவராக எழுதவேண்டாம். அப்புறம் கூப்பன், கிஃப்ட் கார்டு, "இவ்வளவுக்குமேல் வாங்கினால் அனுப்பும் செலவு இலவசம்" என்ற வரம்பு, ஆர்டர் மெயில், பில். இவை எல்லாவற்றிலும் அதே கரன்சி வரவேண்டும். பொருளுக்கு யூரோவில் விலை, அனுப்பும் செலவுக்கு மட்டும் உங்கள் நாணயத்தில் என்று நிற்கும் கடைகளை நிறையப் பார்க்கிறேன்.

ஐபி முகவரியை, அதாவது ஒருவரின் இணைய இணைப்புக்கு இருக்கும் எண்ணை வைத்து நாட்டைக் கண்டுபிடிப்பது ஊகம்தான். விபிஎன் (வேறு இடம் வழியாக இணையத்துக்குப் போகும் இணைப்பு) போட்டிருப்பவர், பயணத்தில் இருப்பவர், அலுவலக நெட்டில் பார்ப்பவர் எல்லாரும் வேறு நாட்டில் இருப்பதாகத் தெரியலாம். எனவே கரன்சியை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளும் பட்டியல் பக்கத்தின் மேலேயே கண்ணில் படும்படி இருக்கவேண்டும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்குப்பிறகு நீங்கள் மாற்றக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவரை, அவர் சம்மதமில்லாமல் நாட்டைக் காரணம் காட்டிக் கடையின் வேறொரு பதிப்புக்குத் தள்ளுவதை 2018 டிசம்பரிலிருந்து சட்டமே தடுக்கிறது. கூகுளின் தேடல் ரோபோவும் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வரும். பக்கத்தின் இணைய முகவரி ஒன்றாகவே இருக்க, ஐபியைப் பார்த்து விலையை மட்டும் மாற்றினால், கூகுளுக்கு உங்கள் கடை முழுக்க டாலர் கடையாகவே தெரியும். விளம்பரத்துக்கு நீங்கள் கொடுத்த விலைப்பட்டியலில் யூரோ இருந்து பக்கத்தில் டாலர் தெரிந்தால் அந்த விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள். கரன்சிக்கு ஒரு தனி இணைய முகவரி என்று வைத்துக்கொள்வது நல்லது. பக்கங்களைச் சேமித்துவைத்து வேகமாகக் காட்டும் கேஷ் வசதி போட்டிருந்தால், ஒருவருக்காகத் தயாரித்த பவுண்டு விலைப் பக்கம் இன்னொரு நாட்டுக்காரருக்கும் போய்ச்சேரும் தொல்லையும் இதனால் குறையும்.

வரியைப் பற்றி ஒன்று மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிவாடிக்கையாளருக்குக் காட்டும் விலை வரியோடு சேர்ந்ததாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் விற்பனை வரியைச் சேர்க்காமல் விலையைக் காட்டி, கடைசியில் சேர்ப்பதே வழக்கம். எனவே யூரோ விலையும் டாலர் விலையும் விகிதப்படி பொருந்தாமல் இருந்தால் அது தப்பில்லை. நீங்கள் எங்கே வரிக்குப் பதியவேண்டும், சுங்கத்தை யார் கட்டுவது என்பதெல்லாம் கணக்காளரிடம் தனியாகக் கேட்கவேண்டியவை. கரன்சியைச் சேர்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் தயாரானதும் திறந்துவிட அவசரப்படாதீர்கள். யூரோ கார்டு வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரையும் டாலர் கார்டு வைத்திருக்கும் ஒருவரையும் பிடித்து, ஆளுக்கு ஒரு குறிப்பேடு வாங்கச் சொல்லுங்கள். ஒரு கூப்பனையும் போட்டுப் பார்க்கட்டும். நான்கைந்து நாள் கழித்து அதை ரீஃபண்ட் செய்யுங்கள். பிறகு அவர்களுடைய ஸ்டேட்மென்ட்டில் கழிந்த தொகை, திரும்பிய தொகை, உங்கள் கணக்கில் வந்தது, போனது என நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் பக்கம் இரண்டு எண்ணும் காசு பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். உங்கள் பக்கம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அதை வைத்து விலையை ஒருமுறை திருத்திக்கொண்டு அப்புறம் திறங்கள்.